காவலர் நிறுத்தினால்: பெயர் சொல்வதும் அட்டை காட்டுவதும்

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். இந்தியக் குடிமகன் ஒருவர் வீட்டை விட்டு வெளியே வந்தால் ஆதாரோ வாக்காளர் அட்டையோ வேறு அடையாள அட்டையோ கையில் வைத்திருந்தே ஆக வேண்டும் என்று எந்தப் பொதுச் சட்டமும் சொல்லவில்லை. நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர், பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ உட்கார்ந்திருப்பவர், பைக்கில் பின்னால் அமர்ந்து வருகிறவர் ஆகியோருக்கு, காவலர் கேட்டதற்காக மட்டும் அட்டை காட்டியாக வேண்டிய கடமை கிடையாது. வண்டி ஓட்டுகிறவருக்கு உண்டு. வெளிநாட்டவருக்கும் உண்டு. அட்டை வேறு, பெயர் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம் சாலையில் பாதித் தகராறு வருகிறது.

பெரிய முதலியார்சாவடி வாசிகளுக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. ஊர் கிழக்குக் கடற்கரைச் சாலையின் மேலேயே இருக்கிறது. தெற்கே கோட்டக்குப்பம் தாண்டினால் புதுச்சேரி, மேற்கே ஆரோவில், வடக்கே கடலோரமாகப் போனால் மரக்காணம் உப்பளங்கள். இரண்டு நிர்வாகங்களின் எல்லை பக்கத்திலேயே இருப்பதால், சரக்கு கடத்தலைப் பிடிக்கக் காவல்துறையும் மதுவிலக்குப் பிரிவும் இந்தச் சாலையில் வண்டிகளை நிறுத்திப் பார்ப்பது வழக்கம். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்தத் துயரத்தை அறிந்தவர் எவரும் சோதனையே கூடாது என்று சொல்லமாட்டார். நானும் சொல்லவில்லை. சோதனைக்கு நிற்கிறவருக்குத் தன் கடமை எதுவரை, காவலரின் அதிகாரம் எதுவரை என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

வண்டி ஓட்டுகிறவர்

இதில் வாதத்துக்கு இடமில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் வண்டி ஓட்டுகிறவர், சீருடையில் இருக்கும் எந்தக் காவலர் கேட்டாலும் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். “சீருடையில்” என்பது அந்தப் பிரிவிலேயே உள்ள சொல். லுங்கியோ பேண்டு சட்டையோ போட்டுக்கொண்டு சாலை நடுவில் கை நீட்டுகிறவர் தன்னைப் போலீஸ் என்று சொன்னால், அவருடைய அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. கேட்கும் விதம்தான் முக்கியம்: “சார், நீங்க மஃப்டியில இருக்கீங்க. உங்க ஐ.டி. கார்டைக் கொஞ்சம் காட்டினீங்கன்னா நானும் லைசென்ஸ எடுத்துடுறேன்.”

உரிமத்தோடு ஆர்.சி., இன்சூரன்ஸ் ஆகியவற்றையும் கேட்பார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 139 இவற்றைக் காகிதமாகவோ மின்னணு வடிவிலோ காட்டலாம் என்று 2018 நவம்பரில் திருத்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2017 செப்டம்பரில், அசல் உரிமம் கையில் இருந்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் அறிவிப்பு வந்து, உயர் நீதிமன்றம்வரை வழக்கு போய், ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அந்த நினைவில் இன்னும் சிலர் “ஒரிஜினல் எங்கே” என்று கேட்கக்கூடும். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ உள்ள உரிமம் செல்லும். போனில் எடுத்த சாதாரணப் புகைப்படமும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்த படமும் செல்லாது. இந்த வேறுபாடு தெரியாமல், படத்தைக் காட்டிவிட்டு “மின்னணு நகல் செல்லும் சார்” என்று வாதாடுகிறவர்கள் உண்டு. செயலியை வீட்டிலேயே நிறுவி, உரிமத்தையும் ஆர்.சி.யையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சாவடியில் நின்றுகொண்டு ஓ.டி.பி.க்குக் காத்திருக்க வேண்டாம்.

உரிமம் இருக்கிறது, ஆனால் கையில் இல்லை என்றால்? அதே 130ஆம் பிரிவு, குறித்த காலத்துக்குள் கேட்ட அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினால் போதும் என்கிறது. விதி 139 அதற்கு 15 நாள் தருகிறது. வாடகைக்கு ஓட்டும் வண்டிகளின் ஆர்.சி.க்கும் தகுதிச் சான்றுக்கும் மட்டும் இந்தச் சலுகை இல்லை. ஆட்டோ, வேன், மினி லாரி ஓட்டுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். உரிமத்தை வீட்டில் வைத்துவிட்டு வருவதும் உரிமமே எடுக்காமல் ஓட்டுவதும் ஒன்றல்ல. முன்னதற்குப் பொதுவான அபராதப் பிரிவான 177, முதல் தடவை 500 ரூபாய்வரை. பின்னதற்குப் பிரிவு 181, 5,000 ரூபாய். சலானில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்ளவும் சில சூழலில் அதிகாரம் உண்டு. அது போலி என்று நம்பக் காரணம் இருந்தால், அல்லது அதிவேகம், குடிபோதை, ஹெல்மெட் இல்லாமை போன்ற சில குற்றங்களில், பிரிவு 206 அதை அனுமதிக்கிறது. அப்படி வாங்கினால் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். உரிமம் திரும்பக் கிடைக்கும்வரை அந்தச் சீட்டை வைத்தே ஓட்டலாம். சீட்டில்லாமல் உரிமத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பதிவோ உரிமமோ இல்லாத வண்டியை நிறுத்தி வைக்கப் பிரிவு 207 இருக்கிறது. ஆனால் ஓடுகிற வண்டியிலிருந்து சாவியை உருவிக்கொண்டு நடக்க அந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை.

வண்டியில் புதுச்சேரி மது பாட்டில் இருந்தால் பேச்சே வேறு. அது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வரும். அடையாள அட்டை சரியாக இருப்பது அங்கே உதவாது.

நடந்து போகிறவரும் பின்னால் உட்கார்ந்திருப்பவரும்

இனி கடினமான பகுதி. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. நீளமான பெயர், பி.என்.எஸ்.எஸ். என்றே நீதிமன்றத்தில் சொல்கிறார்கள். அதில் மூன்று பிரிவுகள் சாலையில் நிறுத்தப்படுகிறவருக்கு நேரடியாகப் பொருந்தும்.

பிரிவு 39. வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத சிறு குற்றம் ஒன்றை நீங்கள் காவலரின் கண் முன்னே செய்திருக்கிறீர்கள், அல்லது செய்ததாக உங்கள்மீது புகார் இருக்கிறது. அவர் பெயரும் விலாசமும் கேட்கிறார். நீங்கள் சொல்ல மறுத்தாலோ, பொய் என்று அவர் நம்பக் காரணமுள்ள பெயரைச் சொன்னாலோ, உண்மைப் பெயரும் விலாசமும் தெரியும்வரை உங்களைக் கைது செய்யலாம். தெரிந்ததும் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் தெரியாவிட்டால் நீதித்துறை நடுவர் முன் கொண்டுபோக வேண்டும். இந்தப் பிரிவை ஊன்றிப் பாருங்கள். சட்டம் கேட்பது பெயரும் விலாசமும். அட்டை என்ற சொல் அதில் எங்குமே இல்லை. குற்றமோ புகாரோ இல்லாமல் சும்மா நடந்து போகிறவருக்கு இந்தப் பிரிவே பொருந்தாது.

பிரிவு 128. பழைய சட்டத்தில் இது 109. வயதானவர்கள் “சந்தேகக் கேஸ்” என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். ஒருவர் தன்னை மறைத்துக்கொள்ள முயல்கிறார், குற்றம் செய்வதற்காகத்தான் அப்படிச் செய்கிறார் என்று நம்ப இடமிருந்தால், நிர்வாக நடுவர் அவரிடம் நன்னடத்தைப் பிணை கேட்கலாம். இரவில் நிறுத்தப்பட்டு, கேட்ட கேள்விக்கு முன்னுக்குப் பின் முரணாகப் பதில் சொல்கிறவர்மேல் பாய்வது இதுதான். அட்டை இல்லாதது இதற்குப் போதாது. இருட்டில் ஒளிவதும் ஓடுவதும் போதும்.

பிரிவு 172 புதியது. குற்றத்தைத் தடுக்கும் பணியில் இருக்கும் காவலரின் சட்டப்படியான உத்தரவுக்கு எல்லோரும் கீழ்ப்படிய வேண்டும். மறுத்தால் தடுத்து வைக்கலாம், சிறிய விஷயமானால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும் என்கிறது. “சட்டப்படியான” என்பதுதான் அதில் உயிர்ச்சொல். ஆனால் எது சட்டப்படியானது என்பதைத் தடுப்புக்கட்டை முன்னால் நின்று தீர்த்துக்கொள்ள முடியாது. பின்னால் நீதிமன்றத்தில்தான் தீரும். அதற்குள் ஓர் இரவு போய்விடும். ஆகவே என் பரிந்துரை இது: பெயரையும் விலாசத்தையும் உண்மையாக, உடனே, தயங்காமல் சொல்லிவிடுங்கள். கட்டாயம் இல்லாத இடத்திலும் சொல்லிவிடுங்கள். பெயரைச் சொல்வதால் யாரும் எதையும் இழப்பதில்லை. அட்டையைக் கேட்டால், இருந்தால் காட்டுவது உங்கள் விருப்பம். இல்லாவிட்டால் “இல்லை” என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

புதுச்சேரி ஓட்டலில் வேலை முடித்து, நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருகிற இளைஞனிடம் இரவு பதினொன்றரைக்கு எஸ்.ஐ. கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“நீ யாருப்பா? எங்கேர்ந்து வர்ற?”

“பெரிய முதலியார்சாவடி சார். பாண்டியில ஓட்டல்ல வேலை, முடிச்சிட்டு வீட்டுக்குப் போறேன்.”

“ஆதாரை எடு.”

“கையில இல்ல சார். என் பேரு, அப்பா பேரு, தெரு, கதவு நம்பர் எல்லாம் சொல்றேன், எழுதிக்குங்க. வீட்டு நம்பர் தர்றேன், அம்மா முழிச்சிட்டுதான் இருப்பாங்க. வேணும்னா போன் போட்டுக் கேளுங்க சார்.”

“ஆதார் இல்லாம எப்படிப்பா ராத்திரியில சுத்துற?”

“வண்டி ஓட்டுறது அவர் சார், அவர் லைசென்ஸ் காட்டிட்டாரு. நான் போகலாங்களா?”

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். “நான் போகலாங்களா” என்று மரியாதையாகக் கேட்பது பெரிய கருவி. போகலாம் என்றால் போய்விடலாம். கூடாது என்றால், “என்ன காரணத்துக்காக நிறுத்தி வெச்சிருக்கீங்க சார்?” என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவருக்கு உண்டு. குரலை உயர்த்தாதீர்கள். கையைத் தட்டிவிடாதீர்கள், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார், தாக்கினார் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 221, 132 பிரிவுகளில் வழக்குப் போட அது போதும். பிறகு அடையாள அட்டைக் கேள்வி எங்கோ போய், நீங்கள் ஜாமீனுக்கு அலைந்துகொண்டிருப்பீர்கள்.

பொய்ப் பெயர் மட்டும் வேண்டவே வேண்டாம். அண்ணனின் உரிமத்தைத் தம்பி காட்டுவது நம் ஊரில் சகஜமாக நடக்கிறது. அதுவரை ஒரு குற்றமும் செய்யாதிருந்தவர் அந்த ஒரு கணத்தில் ஆள்மாறாட்ட வழக்குக்குள் போய்விடுகிறார்.

ஆதாரைக் கொடுப்பதானால்

2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஆதார் சட்டத்தைப் பெரும்பான்மைத் தீர்ப்பால் ஏற்றது. மானியம், நலத்திட்டங்களுக்கு அதைக் கேட்கலாம் என்றது. எல்லா இடத்திலும் எல்லோரும் கேட்கலாம் என்று சொல்லவில்லை. சாலையில் ஆதார் கட்டாயம் என்பதற்கு அந்தத் தீர்ப்பிலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை.

விருப்பப்பட்டுக் காட்டினால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரை அச்செடுத்துப் பையில் வைத்திருங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே அதை இறக்கலாம். அட்டையை உங்கள் கையிலேயே பிடித்துக் காட்டுங்கள். போனில் காட்டுவதானால் அந்த ஒரு பக்கத்தைத் திறந்து, போனை விடாமல் காட்டுங்கள். போனை வாங்கி வாட்ஸ்அப்பையும் படங்களையும் புரட்டிப் பார்ப்பது அடையாளச் சோதனை ஆகாது. போனைத் தரச் சொல்லிக் கேட்பதற்கும், இடத்தைச் சோதனையிடுவதற்கும் பி.என்.எஸ்.எஸ். எழுத்து மூலமான நடைமுறைகளை வைத்திருக்கிறது. “பூட்டைத் திற” என்று சாலையில் நிற்க வைத்துச் சொல்வது அந்த நடைமுறை இல்லை. மறுக்கலாம். மரியாதையாக மறுக்கலாம்.

முகத்தைப் படமெடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு காவல்துறை 2021 முதல் முகமடையாளம் காணும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. அது காவலரின் போனிலேயே இயங்கும். அட்டை இல்லை என்றால் முகத்தைப் பிடித்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கைரேகை, புகைப்படம் போன்றவற்றை எடுக்க வழி செய்யும் 2022ஆம் ஆண்டு அடையாளச் சட்டம் தண்டனை பெற்றவர், கைதானவர், தடுப்புக் காவலில் இருப்பவர் ஆகியோரைப் பற்றித்தான் பேசுகிறது. வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவரைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இந்த இடம்தான். அட்டையையாவது “இல்லை” என்று சொல்லலாம். முகத்தை எங்கே மறைப்பது?

கீழ்ப்புத்துப்பட்டும் ஆரோவிலும்

நம் சாலையில் வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். அகதிகள் முகாம் என்ற பெயர் 2021இல் அரசு அறிவிப்பால் மாறியது. அங்கே வாழ்கிறவர்கள் பேச்சிலும் முகத்திலும் நம்மில் ஒருவர். பலர் இங்கேயே பிறந்தவர்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் வந்த விலக்கு உத்தரவு, 2015 ஜனவரி 9க்குள் இங்கே தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாததற்காகத் தண்டனை கிடையாது என்று பாதுகாப்புத் தந்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பை நிரூபிப்பது பதிவு அட்டை. எனவே முகாமில் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் என் அறிவுரை ஊர்க்காரருக்குச் சொன்னதற்கு நேர்மாறானது: முகாம் அடையாள அட்டையின் நகலாவது எப்போதும் கையில் இருக்கட்டும். அசலை வீட்டில் பத்திரமாக வையுங்கள், நகலை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். கொத்து வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் புதுச்சேரி போகும்போது எல்லை தாண்டுகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இவர்களில் மூத்தவர்களுக்கு அட்டை என்பது என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இலங்கையில் 1968ஆம் ஆண்டின் 32ஆம் எண் ஆட்பதிவுச் சட்டம் தேசிய அடையாள அட்டையைக் கட்டாயமாக்கியது. கேட்டால் காட்ட வேண்டும். போர்க்காலத்துச் சோதனைச் சாவடிகளில் அந்த அட்டை ஆளை மட்டும் அடையாளம் காட்டவில்லை, இனத்தையும் காட்டியது. தமிழரின் அட்டையில் சிங்களமும் தமிழும் இருக்கும். சிங்களவரின் அட்டையில் சிங்களம் மட்டும். பெயரைப் படிப்பதற்கு முன்பே சாவடிக்காரருக்கு விஷயம் தெரிந்துவிடும். 2014க்குப் பிறகுதான் எல்லா அட்டைகளிலும் இரண்டு மொழிகளும் வந்தன. அட்டை காட்டினால் என்ன குறைந்துவிடும் என்று எளிதாகக் கேட்கிறவர்கள் முகாமுக்குப் போய் ஒரு மூத்த பெண்மணியிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

ஆரோவிலுக்கும் நம் ஊர் விடுதிகளுக்கும் வருகிற வெளிநாட்டவர் கடவுச்சீட்டையும் விசாவையும் காட்டக் கடமைப்பட்டவர்கள். வாடகை ஸ்கூட்டர் எடுத்தால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் சேர்ந்து கேட்கப்படும். அறை வாடகைக்கு விடும் ஊர்க்காரர்களுக்குத் தனிப் பொறுப்பு இருக்கிறது: வெளிநாட்டு விருந்தினர் வந்ததை 24 மணி நேரத்துக்குள் இணையவழி தெரிவிக்க வேண்டும். “நாலு நாள்தானே, தெரிஞ்ச பையன்தானே” என்று விட்டுவிட்டால் வழக்கு விருந்தினர்மேல் வராது, உங்கள்மேல் வரும்.

பிற மாநிலத் தொழிலாளர்களின் நிலை இன்னும் சிக்கல். 2025இல் தில்லியிலும் குருகிராமிலும் வங்காளம் பேசும் தொழிலாளர்களைப் பிடித்து வைத்து, ஆதாரைக் காட்டியும் அது குடியுரிமைச் சான்று ஆகாது என்று சொன்ன செய்திகள் வந்தன. சட்டப்படி அது சரிதான். ஆதார் குடியுரிமைக்குச் சான்று இல்லை. ஆனால் நடந்து போகிற ஒரு மனிதர் குடியுரிமையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டுமா? உங்கள் கட்டட வேலையில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தம்பிகள் இருந்தால், உங்கள் பெயரும் போன் எண்ணும் வேலை நடக்கும் இடமும் உள்ள ஒரு சீட்டைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். இரவில் நிறுத்தப்பட்டால் மொழி தெரியாத அவர்களுக்காக அந்தச் சீட்டு பேசும்.

சீட்டு கேட்ட காலம்

அட்டை காட்டும் கடமையை நம் சட்டம் குடிமகன்மேல் பொதுவாகச் சுமத்தாததற்கு வரலாறும் இருக்கிறது. 1871இல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. சென்னை மாகாணத்தில் அது 1911க்குப் பிறகு பரவியது. தென் மாவட்டங்களில் இன்றும் அதைக் கைரேகைச் சட்டம் என்றே சொல்கிறார்கள். பட்டியலில் வைத்த சாதிகளில் பிறந்தவர் கைரேகை வைக்க வேண்டும், இரவில் குறித்த இடத்தில் ஆஜராக வேண்டும், ஊரை விட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் சிறை. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தப் பட்டியல் தென்னார்க்காட்டையும் விட்டுவைக்கவில்லை. சட்டம் 1952இல் நாடு முழுதும் நீங்கியது. அதன் வாடை நீங்கவில்லை. எங்காவது திருட்டு நடந்தால் இருளர் குடியிருப்புக்கு முதலில் ஜீப் போவது விழுப்புரம் மாவட்டத்தில் பழகிப்போன காட்சி. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் ஆண்டுக்கணக்காக எதிர்த்துப் போராடி வருவது இதைத்தான்.

பிரிட்டனிலேயே போர்க்காலத்தில் எல்லோருக்கும் அடையாள அட்டை இருந்தது. போர் முடிந்தும் காவலர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1950 டிசம்பரில் லண்டனின் வடக்கே கார் ஓட்டிப்போன கிளாரன்ஸ் வில்காக் என்பவர் காட்ட மறுத்தார். வழக்கில் அவர் தோற்றார். ஆனால் தலைமை நீதிபதி கோடார்ட், போருக்காக வந்த சட்டத்தைப் போர் முடிந்தும் இப்படிப் பயன்படுத்துவது நல்ல குடிமக்களைக் குற்றவாளிகளாக்கும் என்று கண்டித்தார். 1952 பிப்ரவரியில் அட்டையே ஒழிந்தது. இங்கே சீட்டு முறை முடிந்த அதே ஆண்டு.

நிலையத்துக்கு வரச் சொன்னால்

சாலையில் முடியாமல், “ஸ்டேஷனுக்கு வா” என்றால் முதலில் கேட்க வேண்டியது: கைதா, விசாரணையா? விசாரணைக்குச் சாட்சியாக அழைப்பதற்கு எழுத்து மூலமான உத்தரவு வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். பிரிவு 179). பெண்கள், 15 வயதுக்குக் கீழுள்ளோர், 60 வயதைக் கடந்தோர், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் குடியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். விடியுமுன் உப்பளத்துக்குக் கிளம்பும் பெண்கள் இதை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

கைது என்றால் 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் இப்போது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. கைது செய்யும் அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரியும்படி பட்டை இருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தவரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்திட, நீங்களும் கையெழுத்திட வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் போக வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம். 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நடுவர் முன் நிறுத்த வேண்டும். இது அரசமைப்பின் 22ஆம் உறுப்பே தருகிற உரிமை. சூரியன் மறைந்த பின் பெண்ணைக் கைது செய்ய நடுவரின் முன் அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும். 2025இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை மீறினாலே கைது செல்லாமல் போகும் அளவுக்கான கட்டாய விதி அல்ல என்று சொல்லியிருக்கிறது. மீறிய அதிகாரி காரணம் காட்டியாக வேண்டும். பெண்ணின் உடலைப் பெண்தான் சோதிக்கலாம். இதில் விலக்கே இல்லை. கஞ்சா சந்தேகத்தில் உடல் சோதனை என்றால், நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை போதைப்பொருள் சட்டத்தின் 50ஆம் பிரிவில் உண்டு; அதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதும் அவர்கள் கடமை.

வீட்டில் இருப்பவர்களுக்கு: பிள்ளையைக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று தகவல் வந்தால் தனியாக ஓடாதீர்கள். ஊரில் நாலு பேர் மதிக்கும் ஒருவரையும், முடிந்தால் வழக்கறிஞரையும் அழைத்துக்கொண்டு போங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி கிடைக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் வழக்கறிஞர் தருவார்கள்.

அத்துமீறல் நடந்திருந்தால் அன்றிரவே, நினைவு மங்குவதற்கு முன், இடம், நேரம், பெயர்ப்பட்டையில் இருந்த பெயர், வண்டி எண், சொன்ன வார்த்தைகள் அனைத்தையும் எழுதி வையுங்கள். அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, காயம் எப்படி வந்தது என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். விழுப்புரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் ஸ்பீடு போஸ்டில் மனு போகட்டும். மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் எழுத வேண்டும். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி வைக்கவும், பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது பாதுகாக்கவும் உத்தரவிட்டிருக்கிறது. எனவே மனுவிலேயே, எந்தத் தேதி எத்தனை மணி முதல் எத்தனை மணிவரையிலான பதிவு வேண்டும் என்று குறிப்பிட்டு, அதை அழிக்காமல் வைக்கும்படி கேளுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் போட்டால் ரசீதை மனுவின் நகலோடு குத்தி வைத்துவிடுங்கள்.